கருவேலங்கட்டை ஏரிக்கு ஒரு பழைய பாய்ப்படகு

புரட்டாசியில் வாங்கிய படகு தை மாதத்தில் தண்ணீரில் இறங்கியது. நடுவில் செய்ததையெல்லாம் தேதி போட்டு ஒரு நோட்டில் குறித்து வைத்திருந்தேன். பழைய பாய்மரப் படகு வாங்க நினைக்கிற புதியவர்களுக்கு, அதிலும் எங்களைப் போலக் கடல் இல்லாத மாவட்டத்துக்காரர்களுக்கு உதவும் என்று அதை விரித்து எழுதுகிறேன்.

எனக்குக் காவேரிப்பட்டணத்தில் மோட்டார் காயில் கட்டும் பட்டறை. படகுக்கும் எனக்கும் சம்பந்தமே கிடையாது. 2021இல் சென்னைப் பெண் நேத்ரா குமணன் பாய்மரப் படகுப் போட்டியில் ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண் ஆனார். அந்தச் செய்தியைப் பார்த்த நாளிலிருந்து என் மகள் இதே பேச்சாக இருந்தாள். மூன்று வருஷம் கழித்தும் அந்த ஆசை அடங்கவில்லை. கோடை விடுமுறையில் இருவரும் சென்னைக்குப் போய் ஆரம்பப் பயிற்சி எடுத்துக்கொண்டோம். காற்றை எதிர்த்துக் கோணல் கோணலாக முன்னேறுவது, பாயைத் திருப்புவது, கவிழ்ந்தால் நிமிர்த்துவது வரைக்கும் வந்தது. மீனவர்கள் படகின் முன்பக்கத்தை அணியம் என்றும் பின்பக்கத்தை அமரம் என்றும் சொல்வதை அங்கேதான் கற்றேன். அந்தச் சொற்கள் பிடித்துப்போனதால் இங்கேயும் அவற்றையே எழுதுகிறேன்.

ஊருக்குத் திரும்பியதும் படகு தேடுவதற்கு முன்னால் ஏரியைப் பார்க்கப் போனோம். கிருஷ்ணகிரி அணை பக்கத்திலேயே இருக்கிறதே என்று எல்லோரும் கேட்டார்கள். அது 52 அடி உயரத்துக்குத் தேக்கும் பெரிய அணை, பாதுகாப்புக் கட்டுப்பாடு உள்ள இடம். கற்றுக்குட்டி போய் இறங்கும் தண்ணீர் அது அல்ல. கைவிட்ட கிரானைட் குவாரிக் குட்டை ஒன்றையும் ஒரு நண்பர் காட்டினார். ஆழம் தெரியாது, நாலு பக்கமும் செங்குத்துப் பாறை. காற்று மேலேயே சுற்றிவிட்டுப் போய்விடும், கவிழ்ந்தால் ஏறிவரக் கரை கிடையாது. வேண்டாம் என்று திரும்பிவிட்டோம். மிஞ்சியது எங்கள் ஊர் ஏரிதான். நாற்பது ஹெக்டேருக்கு மேல் பாசனம் உள்ள ஏரிகள் நீர்வளத் துறையிடமும், அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்திடமும் இருக்கும். எங்கள் ஏரி நீர்வளத் துறையுடையது. மனு கொடுத்து, உயிர்காப்பு உடை கட்டாயம், இன்ஜின் கூடாது என்ற நிபந்தனைகளோடு அனுமதி வாங்கினோம். இதைச் செய்யாமல் படகுக்கு முன்பணம் கொடுக்காதீர்கள்.

அப்போது ஆடி மாதம். ஏரி பாதி வற்றிக் கிடந்தது. மீன் குத்தகை எடுத்திருக்கும் அண்ணன் ஒருவர் வலையை உலர்த்திக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் மேற்குப் பக்கம் கையைக் காட்டினார். "அந்தப் பக்கம் பூரா கருவேலந்தோப்பு தம்பி. மரத்தை வெட்டிட்டுப் போனாங்க, அடிக்கட்டையை யாரு எடுத்தா? தண்ணி ஏறினா ஒண்ணும் தெரியாது. என் வலையே மாசத்துக்கு ரெண்டு கிழியும்."

சேற்றில் முழங்கால் உயரத்துக்கும் இடுப்பு உயரத்துக்கும் கறுப்பாக நின்றுகொண்டிருந்தன கட்டைகள். நானும் மகளும் இரண்டு நாள் மாலையில் நடந்து போய் எண்ணினோம். பெரியவை மட்டும் பதினான்கு. கரையிலிருக்கும் புளியமரத்தையும் மதகையும் அடையாளமாக வைத்து ஒரு படம் வரைந்தாள். ஏரி வற்றியிருக்கும்போது இறங்கி நடந்து பார்ப்பதைப் போல இன்னொரு வேலை கிடையாது. அந்தப் படம் இல்லாவிட்டால் நாங்கள் வேறு படகை வாங்கியிருப்போம்.

காற்றையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கம் ஆனியிலும் ஆடியிலும் மேல்காற்று சுழற்றி அடிக்கும். அப்போது ஏரியில் தண்ணீர் இருக்காது. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஏரி நிரம்பும், அப்போது காற்று நிலையாக இருக்காது. தை, மாசியில்தான் நிறைந்த தண்ணீரும் கிழக்கிலிருந்து வரும் மெல்லிய காற்றும் ஒன்றாகக் கிடைக்கின்றன. ஆகவே எங்களுக்கு வேண்டியது மெல்லிய காற்றிலும் நகரக்கூடிய, இரண்டு பேர் உட்காரக்கூடிய, கட்டையில் இடித்தாலும் தாங்கக்கூடிய படகு. இந்த மூன்றையும் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவிட்டுத்தான் தேடத் தொடங்கினோம்.

முதலில் பார்த்தது சென்னையில் லேசர் என்ற வகைச் சிறிய பாய்மரப் படகு. மகளின் ஆசை அதுதான். நேத்ரா டோக்கியோவில் ஓட்டியது லேசர் ரேடியல். அதே உடல், சற்றுச் சிறிய பாய். நீளம் 4.23 மீட்டர், புதிதாக இருக்கும்போது உடல் எடை ஏறக்குறைய 59 கிலோ. உடம்பு எடை பார்க்கும் மெஷின் இரண்டைக் கையோடு கொண்டு போயிருந்தோம். அணியத்துக்கு அடியில் ஒன்று, அமரத்துக்கு அடியில் ஒன்று வைத்து இரண்டையும் கூட்டினால் 66 கிலோ வந்தது. கூடுதல் ஏழு கிலோவில் பெரும்பகுதி உள்ளே ஊறிய தண்ணீராகத்தான் இருக்கும். பழைய ஃபைபர் படகு விற்பவர் என்ன சொன்னாலும் எடை மெஷின் சொல்வதைக் கேளுங்கள்.

அடுத்து பாய்மரம் நிற்கும் குழி. லேசரில் மரத்தைத் தாங்க ஸ்டே கம்பி கிடையாது, மொத்த பாரமும் அந்தக் குழியில்தான் இறங்கும். குழி நிறையத் தண்ணீர் ஊற்றிக் காத்திருந்தோம். பத்து நிமிஷத்தில் ஓர் அங்குலம் இறங்கியது. அடியில் விரிசல் இருக்கிறது என்று அர்த்தம். அதை அப்படியே விட்டு ஓட்டினால் ஒருநாள் பலத்த காற்றில் மரம் தளத்தைப் பிளந்துகொண்டு சாயும். பிறகு ஒரு ரூபாய் நாணயத்தால் தளம் முழுக்கத் தட்டிக்கொண்டே போனேன். நல்ல இடத்தில் கணீரென்று கேட்கும். அடுக்கு பிரிந்த இடத்தில், ஈரம் பிடித்த இடத்தில் ஓசை மடங்கிவிடும். பானை வாங்கும்போது அம்மா விரலால் தட்டிப் பார்ப்பதும் இதே முறைதான்.

இவை எல்லாம் சரிசெய்யக்கூடியவை. ஆனால் படகு பக்கவாட்டில் நழுவாமலிருக்கத் தண்ணீருக்குள் இறக்கும் நடுப்பலகை, லேசரில் கத்தி உறையில் செருகுவதுபோல மேலிருந்து நேராக இறங்கும். கட்டையில் மோதினால் அதற்குப் பின்வாங்க இடமில்லை. அடியெல்லாம் உறையில் விழுந்து உடல் பிளக்கும். கற்றுக்கொடுப்பவர் கூடவே உட்காரவும் இடம் போதாது. மகளிடம் அவள் வரைந்த படத்தையே காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "கடல் பக்கம் போகும்போது வாங்கலாம்ப்பா" என்றாள்.

இரண்டாவது புதுச்சேரியில், பிளைவுட்டில் செய்த பதினான்கு அடிப் படகு. மூன்றிலும் விலை குறைவு இதுதான். மைத்துனன் கூட வந்திருந்தான். "மாமா, பெயிண்டே புதுசா இருக்கு, எடுத்துரலாம்" என்றான். எனக்குக் கவலை கொடுத்ததே அந்தப் புதுப் பெயிண்ட்தான். விற்பனைக்கு முன்னால் அடித்த பெயிண்ட் எதை மறைக்கிறது என்று தெரியாது. உரிமையாளரைக் கேட்டுவிட்டு, நடுப்பலகைக் கூட்டின் ஓரத்தில் மழுங்கிய குத்தூசியை மெல்ல அழுத்தினேன். ரொட்டியில் இறங்குவதுபோல இறங்கியது. அமரப் பலகையின் கீழ் மூலையும் அப்படித்தான். மரப்படகில் மழைநீர் தேங்கும் மூலைகள் எல்லாவற்றையும் இப்படிப் பாருங்கள். எங்கள் சித்திரை வெயிலில் காய்ந்து கார்த்திகையில் ஊறப்போகிற பிளைவுட்டை வருஷா வருஷம் பராமரிக்க எனக்கு நேரமும் இல்லை. நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பினோம்.

மூன்றாவது பெங்களூரில், ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரி ஒருவர் வீட்டுக் கொட்டகையில் இருந்தது. எண்டர்பிரைஸ் வகை, ஃபைபர் உடல். 1956இல் ஜாக் ஹோல்ட் என்ற ஆங்கிலேயர் வடிவமைத்த இருவர் படகு. நீளம் 13 அடி 3 அங்குலம், பெரிய பாய் ஒன்று, முன்பாய் ஒன்று, இரண்டும் நீலம். மெல்லிய காற்றுக்குப் போதிய பாய்ப்பரப்பு உண்டு. முக்கியமாக, நடுப்பலகை ஒரு ஆணியில் தொங்கிச் சுழலும். முன்னால் எதிலாவது இடித்தால் தானே பின்பக்கம் மடங்கி மேலே ஏறிக்கொள்ளும். எங்கள் ஏரிக்கென்றே செய்ததுபோல இருந்தது.

அவர் குறைகளை அவரே சொன்னார். நடுப்பலகைக் கூட்டின் பின்மூலையில் கசிவு, சுக்கான் கீல்களின் ஸ்க்ரூ ஆடுகிறது, ஸ்டே கம்பிகள் பழசு, பாயின் தையல் போய்விட்டது. நாங்கள் பார்த்ததும் அதே நாலு. கேட்காமலே குறை சொல்கிற ஒருவரிடம் வாங்குவது எவ்வளவு நிம்மதி!

ஆனாலும் தரையிலேயே முழுப் படகையும் பூட்டிக் காட்டச் சொன்னோம். மரத்தை நிறுத்தி, கம்பி இழுத்து, இரண்டு பாயையும் ஏற்றி, சுக்கானை மாட்ட இரண்டு மணி நேரம் ஆனது. மகள் முழுவதையும் வீடியோ எடுத்தாள். அப்போதுதான் பெரிய பாயின் அடிப்பக்கத்தைப் பிடிக்கும் பூம் என்ற கம்பை மரத்தோடு சேர்க்கும் பின் ஒன்றும், முன்பாய்க் கயிற்றுக்கான கப்பி ஒன்றும் இல்லாதது தெரிந்தது. பழைய படகில் பெரிய உடலைவிட இந்தச் சின்னச் சாமான்கள்தான் நம் ஊரில் கிடைக்காமல் மாதக்கணக்கில் காக்க வைக்கும். பாயை வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தோம். துணியில் ஒளி ஒரே சீராக வந்தது, உதறினால் இன்னும் படபடவென்று சத்தம் கேட்டது. நகத்தால் சுரண்டியதும் தையல் நூல் மட்டும் பொடிந்தது. துணி நன்றாக இருந்து நூல் மட்கியிருந்தால் பயமில்லை. துணியே சேலை மாதிரித் துவண்டிருந்தால் அந்தப் பாயின் விலையைப் பூஜ்யம் என்று வைத்துப் பேசுங்கள்.

75,000 கேட்டார், 62,000க்கு முடிந்தது.

ராயக்கோட்டையிலிருந்து தக்காளி ஏற்றிக்கொண்டு பெங்களூர் போய்க் காலியாகத் திரும்பும் ஐஷர் வண்டி ஒன்றைப் பிடித்தோம். பதினான்கு அடித் தொட்டி. பதின்மூன்றேகால் அடிப் படகு அளவெடுத்ததுபோல உட்கார்ந்தது. அடியில் பழைய டயரும் தேங்காய் நார் அடைத்த சாக்கும் போட்டோம். இருபது அடிக்கு மேல் நீளமான பாய்மரத்தை டிரைவர் கேபினுக்கு மேலாகச் சாய்த்துக் கட்டிச் சிவப்புத் துணி தொங்கவிட்டோம்.

பட்டறை ஓரத்தில் இரண்டு மர ஸ்டாண்டில் ஏற்றியபோது ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. ஃபைபர் வேலைக்கு இதைவிட மோசமான மாதம் இல்லை. முதலில் கசிவு சரியாக எங்கே என்று கண்டுபிடிக்க வேண்டும். படகுக்குள் இரண்டு பக்கெட் தண்ணீர் ஊற்றிவிட்டு டார்ச்சோடு அடியில் படுத்தேன். கூட்டின் பின்மூலையில் நாலு விரல் நீளத்துக்கு முத்து முத்தாகக் கோத்துக்கொண்டு சொட்டியது. தண்ணீர் புகுந்தாலும் படகை மிதக்க வைக்கும் பக்கவாட்டுக் காற்றறைகளையும் சோதித்தோம். மூடித் துளையில் குழாய் வைத்து வாயால் ஊதி, இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவினால் ஓட்டை உள்ள இடத்தில் நுரை எழும்பும். வாயால் ஊதுகிற அழுத்தம் போதும். பட்டறையில் இருக்கிறதே என்று கம்ப்ரசரை வைத்துவிடாதீர்கள், அறையே பிளந்துவிடும்.

ஈரம் காயாமல் ரெசின், அதாவது ஃபைபர் துணியை ஒட்டி இறுகும் பசை, வைத்தால் ஒட்டாது. கூட்டுக்குப் பக்கத்தில் நூறு வாட் குண்டு பல்பு ஒன்றைத் தொங்கவிட்டு மூன்று வாரம் காத்திருந்தேன். காய்ந்ததா என்று பார்க்க ஒரு பிளாஸ்டிக் தாளை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டிவிட்டு, மறுநாள் உள்பக்கம் வியர்த்திருக்கிறதா என்று பார்ப்பது. இரண்டு முறை வியர்த்தது, மூன்றாம் முறை இல்லை.

ஓசூரில் வண்டிகளுக்கு ஃபைபர் பாகம் செய்யும் ஒருவரிடம் போய் ஒருநாள் முழுக்க உட்கார்ந்து கற்றுக்கொண்டேன். அவர் தினமும் கையாள்வது பாலியெஸ்டர் ரெசின். அவர் முதலில் சொன்னது ஆபத்தைப் பற்றித்தான். "ஆக்சிலரேட்டரையும் கேட்டலிஸ்ட்டையும் நேரா ஒண்ணா ஊத்திடாதீங்க சார், வெடிக்கும்." இரண்டும் ரெசினை இறுக வைக்கச் சேர்க்கும் திரவங்கள். ஆக்சிலரேட்டரை முதலில் ரெசினில் நன்றாகக் கலக்கிவிட்டு, அதற்குப் பிறகுதான் கேட்டலிஸ்ட். இரண்டு புட்டிகளையும் ஒரே அலமாரியில்கூட வைக்க வேண்டாம் என்றார். பழைய ஃபைபர் மேல் ஒட்டுப் போட எபாக்சி என்ற இன்னொரு வகை ரெசின் இன்னும் கெட்டியாகப் பிடிக்கும் என்பதால் நான் அதை எடுத்துக்கொண்டேன். ஒரு சிக்கல், எபாக்சி மேல் ஃபைபர் படகுக்கு வழக்கமாகப் போடும் வெளிப்பூச்சான ஜெல்கோட் சரியாக இறுகாது. ஆகவே மேல்பூச்சுக்கு இரண்டு டப்பா கலக்கும் பாலியூரித்தேன் பெயிண்ட் என்று முடிவு செய்தோம்.

விரிசலின் இரண்டு பக்கமும் கிரைண்டரால் சரிவாக இழைத்தேன். உடலின் கனம் மூன்று மில்லிமீட்டர் என்றால் சரிவு அதைப்போல் பன்னிரண்டு மடங்கு, அதாவது மூன்றரை சென்டிமீட்டருக்கு மேல் போக வேண்டும். அப்போதுதான் புதுத் துணிக்குப் பிடிமானம் கிடைக்கும். பள்ளத்தை மட்டும் நிரப்பி மேலே பூசினால் ஒரு பருவத்தில் மறுபடி கசியும். முகமூடி, கண்ணாடி, முழுக்கைச் சட்டை மூன்றும் வேண்டும். கண்ணாடி நார்த் தூள் உடம்பில் பட்டால் இரண்டு நாளைக்கு அரிக்கும்.

முதல் நாள் முந்நூறு கிராம் எபாக்சியை ஒரே மக்கில் கலக்கினேன். பத்து நிமிஷத்தில் மக் கையைச் சுட்டது, பிறகு புகைந்து கல்லாகிவிட்டது. மொத்தமாக ஆழமான பாத்திரத்தில் இருந்தால் அதன் சூடு அதற்குள்ளேயே தங்கி இறுகலை வேகப்படுத்துகிறது. அதற்குப் பிறகு நூறு நூறு கிராமாகக் கலந்து உடனே தட்டையான தட்டில் பரப்பிக்கொண்டேன். சிறிய துணி முதலில், அதைவிடப் பெரியது அதற்கு மேல், என்று நாலு அடுக்கு. மறுவாரம் அதே இரண்டு பக்கெட் தண்ணீர். ஒரு சொட்டு இல்லை.

சுக்கான் கீல்களுக்குப் பழைய ஓட்டையைப் பெரிதாக்கி எபாக்சியால் அடைத்து, இறுகிய பிறகு புதிதாகத் துளை போட்டு, ஸ்க்ரூவுக்குப் பதில் ஸ்டெயின்லெஸ் போல்ட்டை உள்பக்கம் தகடு வைத்து முடுக்கினேன். ஸ்டே கம்பி விஷயத்தில் என் தொழில் உதவியது. கம்பியில் ஒரு இழை அறுந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. பஞ்சைச் சுற்றி மேலிருந்து கீழே இழுத்துக்கொண்டு வந்தேன். இடப்பக்கக் கம்பியில், முனையை நசுக்கிப் பிடித்திருக்கும் கிரிம்ப்புக்குச் சற்று மேலே பஞ்சு மாட்டியது. இரண்டு இழை போயிருந்தது. ஒன்று போனால் மற்றவற்றுக்கும் அதே வயசுதான் என்பதால் மூன்று கம்பிகளையும் மாற்றினேன். பாய்களைக் கிருஷ்ணகிரியில் லாரித் தார்ப்பாய் தைக்கும் கடையில் பாலியெஸ்டர் நூலால் கோணல்மாணல் தையல் போட்டு வாங்கினோம். பருத்தி நூல் கூடவே கூடாது. ரெசின், பெயிண்ட், கம்பி, போல்ட், கப்பி, தையல் என்று எல்லாம் சேர்த்து 19,400 ரூபாய்.

ஏரிக்குக் கொண்டுபோகும் வழியை நாங்கள் இருவரும் தலையை நிமிர்த்திக்கொண்டே நடந்து பார்த்தோம். கிணற்று மோட்டாருக்குப் போகும் மின்கம்பிகள் நம் ஊரில் எவ்வளவு தாழ்வாகத் தொங்கும் என்று எனக்குத் தெரியும், அதுதான் என் பிழைப்பே. இருபது அடி அலுமினியக் கம்பத்தை நிமிர்த்திக்கொண்டு அதற்கு அடியில் போனால் உயிர் போகும். கரையில் கம்பி எதுவும் கண்ணுக்கெட்டாத ஓர் இடத்தைத் தேர்ந்து, அங்கே போன பிறகுதான் மரத்தை நிறுத்துவது என்று வைத்துக்கொண்டோம். ஏரிக்கரையின் சரிவில் கல் பதித்திருப்பதால் அங்கிருந்து இறக்கவில்லை. அதற்கு நேரெதிரே சேறும் புல்லுமாகச் சரியும் ஓரத்தில் இறக்கினோம். பெயிண்ட் கீறவில்லை.

முதல் நாள் பாய் ஏற்றவே இல்லை. இடுப்பளவுத் தண்ணீரில் படகை நிறையத் தண்ணீரால் நிரப்பி, நானும் மைத்துனனும் உள்ளே உட்கார்ந்தோம். காற்றறைகள் தாங்கின, அணியமும் அமரமும் ஒரே மட்டத்தில் மிதந்தன. பிறகு வேண்டுமென்றே கவிழ்த்து, நடுப்பலகை மேல் ஏறி நின்று நிமிர்த்தினோம். மகள் மூன்று முறையும் தானாகவே செய்தாள். இந்தச் சோதனையை முடிக்காத படகில் பிள்ளைகளை ஏற்றக் கூடாது.

அடுத்த ஞாயிறு காலை பத்து மணிக்குக் கிழக்கிலிருந்து காற்று எழுந்தது. புளியமர இலைகள் அசைகிற அளவுக்குத்தான். நீலப் பாய் ஒருமுறை படபடத்து நிறைந்தது. படகு சத்தமில்லாமல் நகரத் தொடங்கியதும் மகள் சுக்கானைப் பிடித்துக்கொண்டு என் பக்கம் திரும்பவே இல்லை. நான் முன்பாய்க் கயிற்றைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். நாலு மாச வேலைக்கும் அந்த ஐந்து நிமிஷம் போதும் என்று இருந்தது.

மூன்றாவது வாரம் மேற்கோரம் திரும்பும்போது அடியில் டொக்கென்று ஒரு சத்தம். நடுப்பலகையின் பிடி என் முழங்காலுக்குப் பக்கத்தில் முன்னால் துள்ளியது. பலகை மடங்கி ஏறியது, படகு ஒருமுறை தயங்கி, கட்டையைத் தாண்டி வழுக்கிக்கொண்டு போனது. பலகையை மறுபடி கீழே இறக்கிவிட்டு உடனே கூட்டின் பின்மூலையைத் தொட்டுப் பார்த்தேன். காய்ந்திருந்தது.

எங்கள் படத்தில் அந்த இடத்தில் கட்டை இல்லை. ஆடியில் சேற்றுக்குள் இருந்திருக்கும், மழை வெள்ளம் மண்ணை அரித்து வெளியே கொண்டுவந்திருக்கும். மீன் குத்தகை அண்ணனிடம் சொன்னோம். அவர் தன் பரிசலில் போய்த் தேடிப் பிடித்து, அதன்மேல் ஒரு வெள்ளைத் தெர்மோகோல் துண்டைக் கட்டிவிட்டு வந்தார். மகள் படத்தில் பதினைந்து என்று எழுதினாள்.